அழுகிற முகத்தைக் காட்டுங்கள்



பிள்ளைகள் உள்ள வீட்டில் சண்டையில்லாத நாள் அரிது. ஐந்து வயது மகன், மூன்று வயதுத் தங்கையின் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிக்கொள்கிறான். அவள் வீறிட்டு அழுகிறாள். அடுப்பங்கரையிலிருந்து அன்னை விரைந்து வருகிறாள். அவன் முதுகில் இரண்டு அடி விழுகிறது. "பாப்பாகிட்ட மன்னிப்புக் கேளு!" என்ற கட்டளை பிறக்கிறது. அவன் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுக்கிறான். பொம்மை உரியவளிடம் சேர்கிறது. அன்னை தன் வேலைக்குத் திரும்புகிறாள். ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது.

வழக்கு முடிந்தது உண்மையே. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் மகன் கற்றுக்கொண்ட பாடம் என்ன? பிறரைத் துன்புறுத்துவது தீது என்று கற்றானா? அல்லது, அம்மா அருகில் இருக்கும்போது துன்புறுத்துவது ஆபத்து என்று மட்டும் கற்றானா? இக்கேள்வியை இம்மாதம் நாம் சேர்ந்து சிந்திப்போம்.

இது அற்பமான கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, இன்று ஒரு முழ நிலத்துக்காகவோ ஒரு வீட்டுச் சுவருக்காகவோ நீதிமன்றம் ஏறி, ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருக்கும் உடன்பிறப்புகளை நம் பங்குகளில் நாம் கண்டிருக்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கு இருவரும் வருவார்கள். ஒருவர் கோவிலின் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். சமாதானம் பகிரும் வேளையில் முன்பின் அறியாதவருக்கும் கைகூப்புவார்கள். உடன்பிறந்தவரை நோக்கித் தலை திரும்பாது. இத்தகைய பகை அனைத்தும் குழந்தைப் பருவத்தில் வேர் கொண்டது என்று நாம் கூறத் துணியோம். ஆயினும், தன்னால் பிறர் மனம் நொந்ததைக் காணும் கண்ணும், கண்டபின் அவரை நாடித் திரும்பும் காலும் சிறு வயதிலேயே பழக வேண்டியவை என்பதில் ஐயமில்லை. அந்தப் பழக்கத்துக்கு வீட்டுச் சண்டையே முதற் பள்ளிக்கூடம்.

பிடுங்கியவன் மகிழ்வது ஏன்?

பிடுங்கிய பொம்மையை வைத்துக்கொண்டு பிள்ளை சிரிப்பதைப் பார்க்கும்போது பெற்றோருக்குச் சினம் பொங்குகிறது. "தங்கை அழுகிறாள், இவன் சிரிக்கிறானே! இந்த வயதிலேயே இவ்வளவு கல்நெஞ்சா?" என்று அஞ்சுகிறோம். அந்த அச்சமே பல வேளைகளில் நம் கையை ஓங்கச் செய்கிறது.

நுன்னர்-விங்க்லர், சோடியான் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு, ஆறு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் ஒரு கதை சொன்னார்கள். ஒரு பிள்ளை, மற்றொரு பிள்ளைக்குச் சொந்தமான இனிப்பை யாரும் காணாத வேளையில் எடுத்துக்கொள்கிறது. அது தவறா என்று கேட்டபோது, நான்கு வயதினரும் தவறு என்றே கூறினர். "சரி, எடுத்துக்கொண்ட பிள்ளையின் மனம் இப்போது எப்படி இருக்கும்?" என்பது அடுத்த கேள்வி. நான்கு வயதினருள் பெரும்பாலோர், "மகிழ்ச்சியாக இருக்கும், இனிப்புக் கிடைத்துவிட்டதே!" என்றனர். எட்டு வயதினருள் பெரும்பாலோரோ, "வருத்தமாக இருக்கும்" என்றனர். பின்னர் இத்தகைய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. வயது எல்லை இடத்துக்கு இடம் சற்று மாறினும், இளம் பிள்ளைகள் இவ்வாறு விடை கூறுவது பல இடங்களிலும் காணப்பட்டது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தவறு எது என்று அறிவதும், தவறு செய்தபின் மனம் நோவதும் ஒரே நாளில் வருவன அல்ல. அறிவு முந்தி வருகிறது. மனநோவு பிந்தி வருகிறது. ஐந்து வயது மகன் பொம்மையுடன் சிரிப்பதற்குக் காரணம், அவன் பார்வை பொம்மையின்மேல் நிலைத்திருப்பதே. தங்கையின் முகம் இன்னும் அவன் கண்ணில் முழுமையாகப் படவில்லை. அவனைக் கொடியவன் என்று தீர்ப்பிட்டுவிட இது போதிய சான்று ஆகாது. அவன் பாதி வழியில் நிற்கிறான் என்பதற்கே இது சான்று.

நம் திருச்சபையும் இவ்வளர்ச்சிக்குக் காலம் தந்திருக்கிறது. 1910 ஆகஸ்டு 8ஆம் நாள், புனித பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளிவந்த ஆணை, ஏறக்குறைய ஏழு வயதைப் பகுத்தறியும் பருவமாகக் குறித்து, அப்பருவத்தில் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் புதுநன்மைக்கும் அனுமதிக்கப் பணித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும், ஏழு வயது நிறைந்த பிள்ளையைப் பகுத்தறிவு பெற்றவனாகக் கருதுகிறது. ஆய்வாளர் கண்ட மாற்றமும் நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். இந்த இடைப்பட்ட ஆண்டுகளை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

இரக்கத்தின் வித்து முன்பே உள்ளது

வெறும் தன்னலத்தோடு குழந்தை பிறக்கிறது என்று எண்ணுவதும் தவறு. பிறந்து ஒன்றிரண்டு நாளே ஆன சிசுக்களை வைத்து அமெரிக்காவில் மார்ட்டின் ஹாஃப்மன் என்பவரும் அவருடன் உழைத்தவரும் 1976இல் ஓர் ஆய்வு செய்தனர். மற்றொரு சிசுவின் அழுகுரல் கேட்டபோது அக்குழந்தைகளும் அழத் தொடங்கின. இயந்திரத்தால் உண்டாக்கப்பட்ட அழுகையொலி அதே அளவு உரக்க ஒலித்தபோது அவ்வளவாக அழவில்லை. மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒரு குழந்தை அழுதால் அடுத்த கட்டிலிலும் அழுகை எழுவதைத் தாய்மார்கள் கேட்டிருப்பீர்கள். பிறர் துயரம் தன்னைத் தொடும் இயல்பைப் படைத்தவர் தொட்டிலிலேயே வைத்துவிட்டார்.

ஆகவே சண்டையிடும் பிள்ளையின் உள்ளத்தில் இரண்டு குரல்கள் உள்ளன. "எனக்கு வேண்டும்" என்பது ஒன்று. "அவள் அழுகிறாளே" என்பது மற்றொன்று. முதற்குரல் உரத்துப் பேசுகிறது. இரண்டாம் குரல் மெல்லியது. அந்த மெல்லிய குரல் அவன் காதில் விழும்படி செய்வதே அன்னையும் தந்தையும் ஆற்ற வேண்டிய பணி. மனச்சாட்சியைப் பழக்குவது என்று நாம் கூறுவது இதனையே.

மூன்று வழிகள்

பிள்ளைகளைத் திருத்தப் பெற்றோர் கையாளும் வழிகளை ஹாஃப்மனும் சால்ஸ்டைன் என்பவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றாகப் பிரித்தனர்.

முதல் வழி, வலிமையைக் காட்டுதல்: அடி, அதட்டல், பொருளைப் பறித்தல். "அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால் அண்ணன் தம்பி உறவையே வளர்க்க வேண்டிய இடத்தில் அடி எவ்வாறு உதவும்? அடி விழுந்த கணத்தில் பிள்ளையின் கவனம் எங்கே செல்கிறது என்று பாருங்கள். தன் முதுகின் எரிச்சலுக்குச் செல்கிறது. தன்னை அடித்தவர்மீதுள்ள கோபத்துக்குச் செல்கிறது. தன்னை மாட்டிவிட்ட தங்கையைப் பழிவாங்கும் எண்ணத்துக்குச் செல்கிறது. அழுகிற தங்கையின் நோவு அவனுக்கு மறந்துபோகிறது. துன்பம் செய்தவன் துன்பப்பட்டவனாகத் தன்னையே எண்ணிக்கொள்கிறான்.

இரண்டாம் வழி, அன்பைப் பின்வாங்குதல். "நீ என் பிள்ளையே இல்லை", "என்னோடு பேசாதே", இவற்றுக்கும் மேலாக, "சேசு உன்னை வெறுத்துவிடுவார்" என்று சொல்வது. இதைக் கேட்ட பிள்ளை நடுங்குகிறது. ஆனால் அந்த நடுக்கம், தான் கைவிடப்படுவேனோ என்ற அச்சத்தால் வந்தது. அதுவன்றி, இறைவனைப் பற்றிப் பொய்யான ஒரு படம் அதன் உள்ளத்தில் பதிகிறது. பாவியைத் தேடி வருபவராக நாம் அறிக்கையிடும் ஆண்டவரை, பிள்ளையை அடக்குவதற்குப் பூச்சாண்டியாகப் பயன்படுத்தலாகாது.

மூன்றாம் வழி, செய்த செயல் மற்றவரை என்ன செய்தது என்று எடுத்துக் காட்டுதல். ஏழாம் வகுப்பு மாணவரிடையே நடந்த அவ்வாய்வில், இந்த மூன்றாம் வழியை, அதிலும் சிறப்பாக அன்னையர், மிகுதியாகக் கையாண்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் குற்றவுணர்வும், தவற்றைத் தாமே ஏற்கும் பண்பும் பெரும்பாலும் மேலோங்கி நின்றன. வலிமையை மிகுதியாகக் காட்டிய வீடுகளில் இவை குன்றியிருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தவறாமல் பொருந்தும் என்று கூற இயலாவிடினும், பின்வந்த பல ஆய்வுகளும் இதே திசையையே காட்டின.

இங்கே ஓர் எச்சரிக்கை. எடுத்துக் காட்டுதல் என்பது நெடும் பிரசங்கம் செய்வதன்று. 1979இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள பிள்ளைகளின் அன்னையர், வீட்டில் நடந்தவற்றை அவ்வப்போது பதிவு செய்யப் பயிற்றுவிக்கப்பட்டனர். தம் பிள்ளை மற்றொருவரை அழவைத்தபோது உள்ளத்து உணர்ச்சியோடு, தெளிவாக அதனை எடுத்துச் சொன்ன அன்னையரின் பிள்ளைகளே, அழுதவரிடம் சென்று ஆறுதல் செய்வதில் முன்னின்றனர். உணர்ச்சியற்ற விளக்கத்துக்கு அத்தகைய பயன் காணப்படவில்லை. அன்னையின் குரலில் துயரம் தெரிய வேண்டும். வெறுப்புத் தெரியக் கூடாது.

"ராஜா, இங்கே பார். பாப்பா முகத்தைப் பார். எப்படி அழுகிறாள் பார்த்தாயா? அது அவள் வைத்து விளையாடிக்கொண்டிருந்த பொம்மை. நீ பிடுங்கியதும் அவளுக்கு மனசு வலிக்கிறது." இவ்வளவு போதும். பிள்ளை கோபத்தின் உச்சியில் இருந்தால் சற்றுப் பொறுங்கள். கொதிக்கும் உலையில் முகம் தெரியாது. ஆறிய நீரில்தான் தெரியும். மடியில் அமர்த்தி, மூச்சு நிதானப்பட்டபின் பேசுங்கள்.

இரு பக்கமும் கேளுங்கள்

சண்டை என்றால் இரு பக்கம் உண்டு. நம் வீடுகளில் மூத்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு, "நீதானே பெரியவன், விட்டுக்கொடு" என்பது. ஒரு நாள் அது நல்ல பாடம். ஒவ்வொரு நாளும் அதுவே தீர்ப்பானால் மூத்தவன் உள்ளத்தில் நியாயம் கிடைக்காத கசப்பு ஊறுகிறது. இளையவளோ அழுதால் எதுவும் கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறாள். இருவருக்கும் கேடு.

ஊதாரி மைந்தன் உவமையின் பிற்பகுதியைப் பெற்றோர் ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். தம்பி திரும்பி வந்த விருந்தில் மூத்தவன் சினங்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். தந்தை அவனை இழுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பவில்லை. தாமே வெளியே வருகிறார். அவன் குறையை முழுவதும் கேட்கிறார். தம் பொருள் அனைத்திலும் அவனுக்குள்ள உரிமையை நினைவூட்டுகிறார். அதன்பின்னரே தம்பியைப் பற்றிப் பேசுகிறார். கோபங்கொண்ட பிள்ளையிடம் நாம் செல்ல வேண்டிய முறைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு எங்கே உள்ளது? "உனக்குக் கோபம் வந்ததா? ஏன் வந்தது, சொல்" என்று கேட்பதால் நாம் தவற்றை அங்கீகரித்துவிடுவதில்லை. கோபம் உணர்ச்சி, அடித்தது செயல். உணர்ச்சியைக் கேட்டறிவோம், செயலைத் திருத்துவோம்.

நியாயம் வழங்கும்போது சேதத்தை மட்டும் பார்க்கலாகாது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஷான் பியாஜே, 1932இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளிடம் தாம் கேட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிடுகிறார். ஒரு பையன் கதவைத் திறக்கையில், பின்னால் கோப்பைகள் இருப்பதை அறியாமல் பதினைந்தை உடைத்துவிடுகிறான். மற்றொருவன் தாய் இல்லாத நேரத்தில் பழப்பாகைத் திருடி உண்ணப்போய் ஒரே கோப்பையை உடைக்கிறான். யார் குற்றம் பெரிது? சிறு பிள்ளைகள் பலர், பதினைந்து உடைத்தவனே பெரிய குற்றவாளி என்றனர். வளர்ந்த பிள்ளைகளோ உள்நோக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறினர். நாம் வளர்ந்தவர்கள், ஆயினும் விலையுயர்ந்த கண்ணாடிப் பாத்திரம் கைதவறி உடைந்தால் முழங்குகிறோம், வேண்டுமென்றே தங்கையைக் கிள்ளியதைக் கண்டும் காணாதிருக்கிறோம். அப்படியானால் எந்த வயதினரின் அளவுகோல் நம் கையில் இருக்கிறது?

கோலிக்குண்டு விளையாடும் சிறுவர்களைக் கூர்ந்து நோக்கிய அதே அறிஞர், சமவயதுப் பிள்ளைகள் தமக்குள் வாதாடி விதிகளை ஏற்படுத்திக்கொள்ளும்போது நியாய உணர்வு வளர்வதையும் எடுத்துரைத்தார். ஆகவே ஒவ்வொரு பூசலிலும் நாம் நடுவராக ஓடத் தேவையில்லை. அடிதடியோ, வலியவன் எளியவனை ஒடுக்குவதோ இல்லையெனில், "நீங்களே பேசி ஒரு வழி கண்டுபிடித்து வந்து சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவதும் வளர்ப்பே.

மன்னிப்பு என்னும் சொல்

கட்டாயத்தின்பேரில் கூறிய மன்னிப்பு, தண்டனையிலிருந்து தப்பும் நுழைவுச்சீட்டாகிவிடுகிறது. சொல்லைக் கற்பிக்க வேண்டாம் என்று கூறவில்லை. சொல்லுக்கு முன் பார்வையும், சொல்லுக்குப் பின் செயலும் வேண்டும். "பாப்பா அழுகையை நிறுத்த நீ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பொம்மையைத் திருப்பித் தருவது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, கிழிந்த படத்தை ஒட்டித் தருவது, கலைத்த சொப்பு வீட்டை மீண்டும் அடுக்கித் தருவது, இவை சிறு பிள்ளையின் கைக்கு எட்டும் பரிகாரங்கள். தான் உண்டாக்கிய அழுகை தன் கையாலேயே ஓய்ந்ததைக் கண்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பொம்மை தந்த மகிழ்ச்சியைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒன்று உண்டென்று அது அன்று அறிகிறது.

புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இது முக்கியம். "சண்டை போட்டேன், பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை" என்ற பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். அதற்கு முந்தின இரவு, "யாரை அழவைத்தாய்? அவன் மனம் எப்படி இருந்திருக்கும்? அதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்?" என்று அமைதியாகக் கேட்டால் பட்டியல் உயிர்பெறும். தண்டனைக்கு அஞ்சி வரும் மனஸ்தாபம் ஒன்று, அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம் மற்றொன்று என்று நம் ஞானோபதேசம் கற்பித்திருக்கிறது. அடியால் முதலாவது மட்டுமே வரும். இரண்டாவது, அன்பு செய்யப்பட்ட இடத்தில், பிறர் முகத்தைக் காணக் கற்ற உள்ளத்தில் முளைக்கிறது.

பிள்ளைகள் நம்மைப் பார்க்கின்றனர்

இறுதியாக, நம் சொந்தச் சண்டைகள். கணவன் மனைவியர் வாக்குவாதம் செய்வது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று எண்ணுகிறோம். தொட்டிற் பிள்ளையும் குரலின் கடுமையை உணர்கிறது. மார்க் கம்மிங்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் சண்டை தீர்ந்து சமாதானம் ஆனதைக் கண்ட பிள்ளைகளின் கலக்கம் பெரிதும் குறைந்ததைக் கண்டனர். தீராத சண்டையும், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மௌனமும் அவர்களைத் தொடர்ந்து வாட்டின.

நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? கூடத்தில் பிள்ளைகள் கேட்கச் சண்டையிடுகிறோம்; அவர்கள் உறங்கியபின் சமாதானமாகிறோம். சண்டையிடும் முறையை அவர்கள் நம்மிடம் பார்த்துக் கற்கின்றனர். ஒப்புரவாகும் முறையைப் பார்க்க வாய்ப்பே இல்லை. மறுநாள் காலை, "நேற்று அப்பா கோபத்தில் கத்திவிட்டேன், அம்மாவிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன்" என்று தந்தை பிள்ளைகள் முன்னிலையில் சொன்னால் அவருடைய மதிப்புக் குறையாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் அறிவுரை மடலில், குடும்பத்துக்கு இன்றியமையாதவையாக மூன்று சொற்களைக் குறிப்பிட்டார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு. பிள்ளைகளிடம் நாம் கேட்கும் மூன்றாம் சொல்லை அவர்கள் நம் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கின்றனர்?

இவ்வழி உடனே பலன் தருவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடித்தால் ஐந்து நிமிடத்தில் அமைதி வரும். முகத்தைக் காட்டினால் ஐந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருக்கும். நூறு முறை சொன்ன பின்னரும் நான்கு வயதுப் பிள்ளை நூற்றோராம் முறை பிடுங்கும். அதனால் சோர்வடைய வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுக்குப் பின்னும் பிறரை நோகச் செய்வதில் ஒரு பிள்ளை தொடர்ந்து இன்பம் காண்பதாகத் தெரிந்தால், அதை மறைக்காமல் ஆசிரியரிடமும் தகுந்த மனநல ஆலோசகரிடமும் கலந்து பேசுவது நன்று; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதம் ஒரு சிறு முயற்சி மேற்கொள்வோம். வீட்டில் சண்டை எழும்போது கையை ஓங்குவதற்கு முன் மூன்று கேள்விகளை நினைவில் கொள்வோம். இருவர் சொல்வதையும் கேட்டேனா? அழுகிற முகத்தை அவன் பார்க்கும்படி செய்தேனா? சரிசெய்ய அவனுக்கு ஒரு வழி காட்டினேனா? மாலைச் செபம் முடிந்ததும், அன்று ஒருவரையொருவர் நோகச் செய்தவர்கள், பெற்றோர் உட்பட, ஒரு வார்த்தை பேசிவிட்டு உறங்கச் செல்வோம். நாளை நம் பிள்ளைகளுக்கிடையே பாகப் பிரிவினை வரும்; நாம் அன்று அருகில் இருக்க மாட்டோம். அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்கு விட்டுச் சென்றால், நிலத்தைவிட மேலான சொத்தை விட்டுச் சென்றவர்களாவோம்.